கண்ணுக்குக் கீழே ரெண்டு ஷேடு வெளுப்பு

எங்கள் பார்லரில் வேலை பழகிய பெண் ஒருத்தி போன மாதம் சொந்தமாகக் கடை திறந்தாள். குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டிருந்தாள். ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்றுகொண்டு, "உங்க காலத்துல டார்க் சர்க்கிளுக்கு என்ன கன்சீலர் போடுவீங்க ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். என்னமோ நான் குகைக்குள் உட்கார்ந்து பொம்பளைகளுக்குப் பவுடர் அடித்துவிட்டு வந்தவள் மாதிரி. மேஜையைப் பார்த்தேன். பச்சைக்கு ஒரு குழாய், ஆரஞ்சுக்கு ஒரு குழாய், மாநிறத்திலேயே ஒரு டஜன் குழாய். ஒரு சாயப்பட்டறையே நடத்தலாம்.

"கன்சீலருன்னு ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாது கண்ணு. கருப்பு இருந்துச்சு, மறைச்சோம்" என்றேன். சிரித்தார்கள். ஒருத்தி அதையும் போனில் படம் பிடித்துக்கொண்டாள். இன்னும் விவரமாக எழுதிக் கொடுங்கள் என்று அப்புறம் ஒரே நச்சரிப்பு. வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறவள்தானே, எழுதட்டும் என்று நினைத்திருப்பார்கள். சரி, எழுதுகிறேன்.

நான் குண்டடத்துக்காரி. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக்காரருக்கு வாக்கப்பட்டு வந்தேன். எண்பதுகளின் நடுவில் இந்தப் பனியன் ஊரின் ராயபுரத்தில் ஒரு நூல்கடை மாடியில் ஸ்டெல்லா மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்தேன். மேடம் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்கு இங்கே பனியன் கம்பெனியில் வேலை கிடைத்ததால் கூடவே வந்தவர், மெட்ராசில் கற்ற தொழிலை இங்கே விரித்தார். மாடிப்படி அடியில் 'பெண்களுக்கு மட்டும்' என்று ஒரு போர்டு. அதை மாட்டின நாளிலிருந்து தெருவில் போகிற ஆம்பளைகள் ஒருத்தர் பாக்கி இல்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் மின்கம்பத்தில் முட்டிக்கொண்டார்கள். முதல் வருஷம் நான் பழகியது கூட்டுவது, துண்டு துவைப்பது, நூல் போட்டுப் புருவம் எடுப்பது. அதையெல்லாம் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன்.

எங்களுக்கு வந்த கிராக்கியில் முக்கால்வாசி கண்ணுக்குக் கீழே கருப்புத்தான். வேறெந்த ஊரில் பொம்பளைகள் பருவுக்கும் முடிக்கும் பார்லருக்குப் போனார்களோ தெரியாது. இந்த ஊரில் எல்லாருக்கும் கப்பலேறுகிற பனியன் மேலேதான் கண். அந்தக் கண்ணுக்குக் கீழே என்ன ஆகிறது என்பது கல்யாணம் நிச்சயமாகிறபோதுதான் ஞாபகத்துக்கு வரும்.

மேடத்துக்கு ஒரு முறை உண்டு. முகத்தைத் தொடுவதற்கு முன்னால் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்புவார். முகத்தை நன்றாகத் தூக்கச் சொல்வார். தூக்கினதும் கருப்பு குறைந்தால் அது வெறும் பள்ளத்தின் நிழல். குறையாவிட்டால் தோலிலேயே ஊறின நிறம். அப்புறம் தோலை லேசாக இழுத்து, நீலம் பாய்ந்திருக்கிறதா, காப்பிப்பொடி நிறமா என்று பார்ப்பார். எல்லாம் முடிந்த பிற்பாடு, "நேத்து எப்பம்மா படுத்த?" என்று கேட்பார். "நேரத்துலயே படுத்துட்டேனுங்க மேடம்" என்று எல்லாப் பெண்ணும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். புருவத்தில் பனியன் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும்.

போடுகிற விதம் இதுதான். முதலில் கோல்டு கிரீம் ஒரு பொட்டு. தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே போடுவதெல்லாம் வழுக்கிக்கொண்டு கன்னத்துக்கு இறங்கிவிடும். இன்றைக்கு ஆரஞ்சு குழாயில் வருகிறது. அன்றைக்கு மேடம் புறங்கையில், குச்சியாக வருகிற மேக்கப்பான பான்ஸ்டிக்கைக் கொஞ்சம் தேய்த்து, செங்கல் நிற லிப்ஸ்டிக்கைத் துளி சுரண்டிப் போட்டுக் குழைப்பார். கருப்பு இருக்கிற இடத்தில் மட்டும் அதை வைப்பார். மோதிர விரலால் தட்டணும், தேய்க்கவே கூடாது. அந்த விரலுக்குத்தான் அமுக்குகிற பலம் கம்மி. அதன் மேலே முகத்தின் நிறத்துக்கே ஒத்த பான்ஸ்டிக், அதுவும் தட்டித்தான். மேலே பார்க்கச் சொல்லி, மடிப்பில் தேங்கினதை ஒற்றி எடுத்துவிட்டு, கடைசியாகப் பவுடர்.

"வெள்ளையா போட்டா சீக்கிரம் மறையாதுங்களா மேடம்?" என்று நான் ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன். மேடம் என்னை உட்கார வைத்து, எனக்கும் இருந்த கருப்பில் இடது கண்ணுக்கு அவர் முறையில் போட்டார். வலது கண்ணுக்கு வெள்ளையை அப்பினார். "ஏட்டி ருக்கு, கீழ போயி ரெண்டு டீ சொல்லிட்டு வா" என்றார். போனேன். டீக்கடைக்காரர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, வலது கண்ணுல சுண்ணாம்பு பட்டுருச்சுங்களா? தண்ணி ஊத்திக் கழுவுங்க, பொறவு கண்ணு போயிருமுங்க" என்று சொம்பை நீட்டினார். இடது கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருப்பின் மேல் வெள்ளை ஏறினால் சாம்பல்தான் வரும் என்பதை நான் அப்படிக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எது கருத்தாலும் ப்ளீச்சிங் போட்டால் வெளுத்துவிடும் என்பது இங்கே வேதம். ஒரு அம்மா மகளைக் கூட்டிவந்து, "மேடம், இந்தக் கண்ணைக் கொஞ்சம் ப்ளீச் பண்ணிக் குடுத்துருங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்றார். என்னமோ மூட்டையைப் போட்டுவிட்டுப் போகிற மாதிரி. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் சிரிப்பை அடக்க உள்ளே ஓடிப்போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்ததுதான் பொன்னுசாமிக் கவுண்டர் கேஸ். சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தார். மகள் சாந்தாமணி. துணியில் ஓட்டை, கறை, தையல் பிசகு பார்க்கிற செக்கிங் வேலைக்கு அப்பா ஆள் வைக்கவில்லை. மகளை வைத்துக்கொண்டார். சொந்த மகள் என்றால் ஞாயிற்றுக்கிழமை கேட்காது, சங்கத்துக்குப் போகாது. சரக்கு அனுப்புகிற வாரங்களில் அந்தப் பெண் விடிய விடிய டியூப்லைட்டுக்குக் கீழே நின்று பனியனைப் புரட்டும். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கின பெண். அப்பாவின் கம்பெனி கண்ணுக்குக் கீழேயே மார்க் போட்டுவிட்டது.

ரெண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போய், "பொண்ணுக்கு கண்ணெல்லாம் கருப்படிச்சுக் கெடக்குது, உள்ள என்னமோ சீக்கு இருக்குமாட்ட இருக்குது" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடம் வருகிறபோதுதான் எங்களிடம் வந்தார்கள். மேடமே போட்டார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள், பிடித்துவிட்டது, நிச்சயமும் ஆனது. மாப்பிள்ளை பழனிசாமி, பனியன் துணி ஓட்டுகிற நிட்டிங் மெஷின்கள் வைத்திருப்பவர். அத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

நிச்சயதார்த்த வீடியோவைப் போட்டுப் பார்த்த பொன்னுசாமிக்குத் திருப்தி இல்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு, போர்டுக்கு மரியாதை கொடுத்து, அங்கிருந்தே கத்தினார்.

"மேடமுங்க! கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு ஷேடு வெளுப்பா வேணுமுங்க!"

மேடம் படிக்கு வந்தார். "ஐயா, அது நல்லா இருக்காது. சாம்பல் பூத்த மாதிரி ஆயிரும். துணி வேற, தோலு வேற."

"ஏனுங்க, நான் எத்தன காலமா ஷேடு பாக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? நாளைக்கு உச்சி வெயில்ல எங்க கம்பெனி மொட்டை மாடிக்கு வாங்க. அப்ரூவல் பண்ணிரலாம்."

போனோம். அப்பேர்ப்பட்ட அபத்தத்தை நான் பார்த்ததே இல்லை. வெளிநாட்டுக்காரன் துணியின் நிறத்தை இயற்கை வெளிச்சத்தில்தான் ஓகே செய்வான் என்பதால், இங்கே எல்லா நிறத்தையும் மொட்டை மாடியில் வெயிலில் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் மனுசன் பெற்ற மகளைத் துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவள் கையில் மூன்று பான்ஸ்டிக் கோடு போடச் சொல்லி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கட்டிங் மாஸ்டரையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். அவர் பாவம், முதலாளி எதைத் தொட்டாரோ அதையே ஆமாங்க என்றார். கடைசியில் இருக்கிறதிலேயே வெளுத்த கோட்டைத் தொட்டு, "இதுதானுங்க. கல்யாணத்தன்னிக்கு இதுல மாத்தம் வந்துதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார். முகூர்த்தம் விடியக்காலம், அங்கே சூரியன் வராது, வீடியோ லைட்டுத்தான் இருக்கும் என்று மேடம் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாட்டேன் என்றால் கோயமுத்தூரிலிருந்து ஆள் கொண்டுவருவேன் என்றார்.

இறங்கும்போது சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அப்பா சொல்றதையே போட்டுருங்க. இந்த எடமும் போச்சுன்னா ஆயுசுக்கும் எனக்கு அந்த செக்கிங் டேபிள்தானுங்க்கா. நின்னு நின்னே செத்துப்போவேன்." அடுத்ததாக, "ஆனா கல்யாணமாகி மொகம் கழுவறப்ப அவரு பாப்பாருங்களே, ஏமாத்திட்டீங்கன்னு திருப்பி அனுப்பிச்சுருவாருங்களா?" என்று கேட்டாள்.

மேடம் கல்யாணத்துக்கு வர மறுத்துவிட்டார். "நீ போ ருக்கு. அவிய கேட்டதையே போடு. ஆனா பஞ்சும் கோல்டு கிரீமும் கையிலேயே வச்சிக்க, பைக்குள்ள போட்டுராத" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

கல்யாண மண்டபம். மணப்பெண் அறையில் வேலையை முடித்தேன். அப்ரூவல் ஆன ஷேடு, மாற்றம் இல்லாமல். அறையில் இருந்த மங்கல் பல்புக்கு அது பரவாயில்லை போலத்தான் இருந்தது. வெளியே வந்தால், மாப்பிள்ளையின் அக்கா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா, ஒரு சின்ன விசயமுங்க. வெளிய மூச்சு விடக்கூடாது. எங்க தம்பிக்கு கண்ணுக்குக் கீழ லேசா கருப்புங்க. பொண்ணூட்டுக்காரங்க பாத்தா குடிகாரன்னு நெனச்சுப்போடுவாங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே நான்தான் பவுடர் போட்டு உட்டேன்."

லேசாக என்றாள். போய்ப் பார்த்தேன். அட சாமி! பழனிசாமி கண்ணுக்குக் கீழே சட்டிக்கரியை ஈஷினாற்போல இருந்தது. மெஷின் நிற்காமல் ஓடவேண்டும் என்று ராத்திரியெல்லாம் அதன் பக்கத்திலேயே முழித்திருக்கிற மனுசன். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, "பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்களே?" என்று என்னிடம் கேட்டார். அங்கே அவள் இவருக்குத் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். இங்கே இவர் அவளுக்குத் தெரியக்கூடாது என்கிறார். ரெண்டு வீட்டாரும் அவரவர் சரக்குத்தான் கழிபட்ட செகண்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு பயந்து சாகிறார்கள். நடுவில் ஒரே டப்பாவோடு நான். முகத்தில் பார்த்ததை வாயில் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில். மூச்சு விடாமல் தட்டிவிட்டு வந்தேன். இவருக்கு அப்ரூவல் தொந்தரவு இல்லாததால் சரியான ஷேடே போட்டேன்.

பெண்ணை மேடைக்குக் கூட்டிவந்தார்கள். வீடியோக்காரர் லைட்டைப் போட்டார்.

போட்டதுதான் தாமதம், சாந்தாமணியின் கண்ணுக்குக் கீழே ரெண்டு வெள்ளைத் திட்டு பளீரென்று கிளம்பியது. மாநிற முகம், அதில் இட்லி விண்டு ஒட்டின மாதிரி ரெண்டு இடம். முன்வரிசையில் இருந்த சொந்தபந்த ஒறம்பரைச் சனம் ஒன்றோடொன்று குசுகுசுத்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, பொண்ணுக்கு வெள்ளை இருக்குதுங்களா? எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே!"

வெள்ளை என்று அவர் சொன்னது வெண்புள்ளியை. அது யாருக்கும் ஒட்டாது, அதனால் யாரும் கெட்டுப்போவதில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் அதை எவர் காது கொடுத்துக் கேட்கப்போகிறார்? பொன்னுசாமி வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வெள்ளை இல்லை என்றால் கருப்பைச் சொல்ல வேண்டும். கருப்பைச் சொன்னால் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் அத்தனை பேச்சுப் பேசின மனுசன், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். சடங்கு நடத்துகிற அருமைக்காரர் கையிலிருந்த தாலித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். மேளமும் நின்றுபோனது.

"தாலி அப்பறம் கட்டிக்கலாம். மொதல்ல விசயம் தெரியோணும்" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் சொன்னார்.

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கையை நீட்டினாள். "அக்கா, அந்தப் பஞ்சைக் குடுங்க."

கோல்டு கிரீமைத் தொட்டுக் கொடுத்தேன். லைட்டுக்கு நேராக நின்றுகொண்டு, அத்தனை சனமும் பார்க்க ரெண்டு கண்ணுக்குக் கீழும் அழுத்தித் துடைத்தாள். தட்டணும், தேய்க்கக் கூடாது என்று ஸ்டெல்லா மேடம் இருந்திருந்தால் கத்தியிருப்பார்.

"வெள்ளை இல்லீங்க அத்தே. கருப்புத்தானுங்க" என்றாள்.

பழனிசாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"நைட்டுங்களா?"

"ஆமாங்க. செக்கிங்."

பழனிசாமி அவள் கையிலிருந்த பஞ்சை வாங்கினார். அவர் அக்கா, "டேய் தம்பி, டேய்!" என்று பல்லைக் கடித்தாள். அவர் கேட்கவில்லை. தன் கண்ணுக்குக் கீழே ரெண்டு இழுப்பு இழுத்தார். இருந்திருந்து நன்றாகப் போட்ட என் வேலை அதுதான், அதுவும் போயிற்று. "எனக்கு நிட்டிங்குங்க" என்றார். அவர் அம்மா மகனையும் பார்த்தார், மருமகளையும் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அருமைக்காரர் தட்டை எடுத்தார். அப்போது சாந்தாமணி, "ஒண்ணு சொல்லிக்கறேனுங்க. உங்க ஊட்டுக்கு வந்து நான் நைட்டு முழிக்க மாட்டேன்" என்றாள். தாலிக்கு முன்னால் இப்படிப் பேசின பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பழனிசாமி, "முழிக்க வேண்டாமுங்க" என்றார். மேளம் கொட்டியது. பொன்னுசாமி அப்புறம் என்னிடம் வந்து, "ஷேடு மாத்திட்டீங்க, நான் ஓகே பண்ணது இது இல்லீங்க" என்று சண்டை போட்டார். அந்த மட்டுக்கும் அவர் மாறவில்லை என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி.

சொன்ன சொல்லைப் பழனிசாமி காப்பாற்றினார். அவர்கள் கம்பெனி பெருகியது. துணி ஓட்டினது போய், பனியன் தைக்கவும் ஆரம்பித்தார்கள். சாந்தாமணி பார்லருக்கு எப்போதாவது வருவாள். கன்னம் பூரித்து, கண் தெளிந்து, நன்றாகத் தூங்குகிற முகம். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் கூடவே ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள். மதுரைக்கு அந்தப்பக்கத்துப் பெண், பேர் ஜெயா. சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்களாம். அப்பா அம்மா ஊரில் இருப்பதால் சாந்தாமணியே முன்னால் நின்று எல்லாம் செய்கிறாள். நல்ல மனசுதான். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி முகத்தைத் தூக்கச் சொன்னேன். கருப்பு துளியும் குறையவில்லை.

"எங்க வேலை கண்ணு?"

"இந்த அக்கா கம்பெனியிலதாங்க. நைட்டு செக்கிங்" என்றாள் ஜெயா.

நான் சாந்தாமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் காற்றாடிக்கு நேராகச் சாய்ந்து உட்கார்ந்து வாரப்பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். "என்ன சாந்தாமணி இது?" என்றேன்.

"சின்ன வயசுதானுங்க்கா, தாங்குவா" என்றாள், தலையைத் தூக்காமலே.

கிரீமைத் தொட்டுக்கொண்டு, ஜெயாவைக் கண்ணை மூடச் சொன்னேன். மூடினாள். நான் ஒரு பக்கம் தட்டி முடிப்பதற்குள் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். விரலை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சாந்தாமணி கடிகாரத்தைப் பார்த்தாள். "எழுப்புங்க்கா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்துருவாங்க."

"நீயே எழுப்பு கண்ணு" என்றேன்.